எல் நினோ வந்தால் எங்கள் கரைக்கும் சொல்லுங்கள்: கடலோர மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார் வளைகுடாக் கரையில் மீன்வளம், வனம், பேரிடர் மேலாண்மை ஆகிய பொறுப்புகளில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் எங்கள் ஊர் சார்பில் ஒரு மனு கொடுத்திருந்தோம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ தொடங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தால், அடுத்த கோடையில் நம் கடல் எவ்வளவு சூடாகக்கூடும் என்பதைத் தை மாதத்திலேயே எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. பசிபிக் கடலில் நடப்பதற்கும் இந்த மாவட்டக் கடல் பகுதிக்கும் தொடர்பு இல்லை என்று பதில் வந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. தொடர்பு இருக்கிறது. 1998, 2010, 2016, 2024 ஆகிய நான்கு கோடைகளில் எங்கள் கடல் சுட்டு, பார்கள் என்று நாங்கள் சொல்லும் கடலடித் திட்டுகளில் பவளம் வெளுத்தது. நான்கு முறையும் அதற்கு முந்தைய மார்கழியையொட்டி பசிபிக்கில் எல் நினோ உச்சத்தில் இருந்தது. நான்கு முறையும் எங்கள் ஊருக்கு ஒருவரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2016 சித்திரையில் நான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்கிறேன். தீவுகளுக்குள்ளும் கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள்ளும் நாங்கள் போகக் கூடாது. அந்தச் சட்டத்தைப் பற்றி வழக்காட இந்த மடலை எழுதவில்லை. எல்லைக்கு வெளியே, இரண்டு மூன்று பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்) இருக்கும் பார்களில்தான் எங்கள் தொழில். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் எடுக்காத நாட்கள் அவை. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மூழ்கினால் தலைக்கு மேலே இருக்கும் தண்ணீருக்கும் காலடியில் இருக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கமாக ஒரு பாகம் இறங்கினாலே உடம்பில் குளிர்ச்சி ஏறும். அந்த வருடம் அடிவரை வெதுவெதுப்புத்தான்.

மான்கொம்புப் பவளத்தின் நுனி முதலில் வெளிறியது. சில கிளைகள் வெளுப்பதற்கு முன்பு கண்ணைப் பறிக்கும் ஊதாவாகவும் நீலமாகவும் மாறின. படம் எடுத்துப் போட்டால் அழகு என்று எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். அது சாகப்போகும் பவளத்தின் நிறம். அடுத்த வாரம் போனபோது அந்தத் திட்டு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. பவளத்திலிருந்து கசியும் சளி வலைக் கண்களில் கோழையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அலசிப் போக்கவே கரையில் அரை நாள் ஆகும். அப்புறம் அந்த வெள்ளையின் மேல் பச்சையும் பழுப்புமாக பாசி ஏறியது. பாசி ஏறிவிட்டால் கதை முடிந்தது என்று சங்கு குளிக்கிறவர்கள் சொல்வார்கள். கை வைத்தால் நொறுங்கும். விளமீனும் கலவாவும் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டன. ஓரா மட்டும் பாசியை மேய வந்தது.

மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 2016-க்கு முன்பு சுமார் 39 சதவீதமாக இருந்தது, அந்த ஒரே கோடையில் சுமார் 23 சதவீதத்துக்கு இறங்கியது என்று தூத்துக்குடியைச் சேர்ந்த கடல் ஆராய்ச்சியாளர்கள் தீவு தீவாக மூழ்கி அளந்து எழுதியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டிய காலம் இந்தக் கரைக்குத் தெரியும். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. வெட்டுவது நின்ற பிறகு பார்கள் மெல்ல மெல்லத் தேறின. அப்படித் தேறியதைச் சூடு சில வாரங்களில் கொண்டுபோய்விட்டது. சட்டத்தால் தடுக்க முடியாத ஒரு பகைக்கு எதிராக நம் கையில் இருக்கும் ஒரே கருவி முன்னறிவிப்பு. அதைத்தான் தொடர்பில்லாதது என்று தள்ளிவைத்துவிட்டீர்கள்.

ஆண்கள் பாடு இப்படியென்றால் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் பாடு இன்னும் கடினம். எங்கள் சித்தி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர். சூடு ஏறிய அந்த வருடங்களில் காலை ஏழு மணிக்கே முழங்கால் தண்ணீர் வெந்நீர்போல் இருந்தது என்பார். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்க்கும் குடும்பங்களுக்கும் இதே நிலைமைதான். தண்ணீர் தாங்கும் சூட்டைத் தாண்டினால் பாசியின் தண்டு வெளுத்து, இற்று, கயிற்றிலிருந்து கழன்று போய்விடும். விதைப்பாசி வாங்கக் குழுவில் எடுத்த கடன் மட்டும் அப்படியே நிற்கும். மாசியில் யாராவது ஒருவர் வந்து, இந்தக் கோடையில் கயிறு கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தக் கடன் இருந்திருக்காது.

சரி, தொடர்பு என்ன என்று கேட்பீர்கள். பசிபிக்கின் நடுப்பகுதி இங்கிருந்து 12,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே சூடான தண்ணீர் மிதந்து இங்கே வருவதில்லை. வருவது காற்றின் வழியாக. சாதாரண வருடங்களில் பசிபிக்கின் கீழைக்காற்று வெப்பநீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவித்து வைத்திருக்கும். அங்கே காற்று மேலெழும், மேகம் திரளும், மழை கொட்டும். எல் நினோ வருடத்தில் அந்தக் கீழைக்காற்று தளர்கிறது. குவிந்திருந்த வெப்பநீர் பசிபிக்கின் நடுவுக்கும் கிழக்குக்கும் நகர்கிறது. காற்று மேலெழும் இடமும் அதோடு நகர்கிறது. மேலே போன காற்று எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். இந்தோனேசியாவின் மேலும் நம் இந்தியப் பெருங்கடலின் மேலும் அது இறங்குகிறது.

இறங்கும் காற்று வறண்ட காற்று. அங்கே மேகம் கட்டாது. மேகம் இல்லாத கடலில் வெயில் முழுசாக இறங்கும். கடல்மேல் வீசும் காற்றும் பலம் குறையும். காற்று வீசினால்தான் கடல் ஆவியாகும், ஆவியானால்தான் கடல் குளிரும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் தண்ணீர் சூட்டை இழக்க வழியில்லாமல் நாளுக்கு நாள் சேர்த்துவைக்கிறது. இது போதாதென்று, இந்தியப் பெருங்கடலின் தெற்கே மாறிய காற்று கடலுக்கு அடியில் ஒரு மெதுவான அலையைக் கிளப்புகிறது. அது மேற்கே மடகாஸ்கர் பக்கமாக மாதக்கணக்கில் நகர்ந்து, போகும் வழியெல்லாம் வெப்பநீரின் அடுக்கைத் தடிமனாக்குகிறது. வானிலை அறிஞர்கள் இந்த முழு ஏற்பாட்டையும் வளிமண்டலப் பாலம் என்கிறார்கள். நமக்கு மட்டும் நடப்பது அல்ல இது. எல் நினோ முடியும் வசந்த காலத்தில் அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியும் இதே பாலத்தின் வழியாகச் சூடாகிறது. 2010-இல் எங்கள் கடலும் கரீபியக் கடலும் ஒரே வருடத்தில் வெளுத்தது இப்படித்தான்.

இந்தப் பாலத்தில் தாமதம் உண்டு. மனுவின் உயிரே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. எல் நினோ மார்கழியையொட்டி உச்சத்துக்குப் போகிறது. இந்தியப் பெருங்கடல் முழுவதும் சூடு உச்சத்துக்குப் போவது அதற்கு மூன்று நான்கு மாதம் கழித்து, பங்குனி சித்திரையில். பசிபிக் ஆறத் தொடங்கிய பிறகும் நம் கடல், அடுப்பை அணைத்த பிறகும் கொதி அடங்காத மண்சட்டிக் குழம்பு மாதிரி, சூட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆடி ஆவணி வரைக்கும்கூட அந்தச் சூடு தெரியும்.

சித்திரை என்பது எங்கள் கடலுக்கு எப்போதுமே நெருக்கடியான மாதம். மண்டபம் பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரி வடக்கே இருக்கிறது. தமிழ் வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் சரியாக எங்கள் தலைக்கு மேல் நிற்கும். வாடை போயிருக்கும், கச்சான் வந்திருக்காது. சாதாரண வருடத்திலேயே பவளம் தாங்கக்கூடிய விளிம்பில் நிற்கும் காலம் அது. பவளத்துக்கு நிறமும் சாப்பாடும் கொடுப்பது அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசி. அந்தக் கடலின் மிகச் சூடான மாதத்துக்கு உரிய சராசரியைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி அப்படியே நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. இப்படிக் கூடிய சூட்டை வாரக் கணக்கில் கூட்டி ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அது 4-ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளுப்பு, 8-ஐத் தொட்டால் பெருமளவில் சாவு. விளிம்பில் நிற்கும் கடலின் மேல் பசிபிக்கிலிருந்து வரும் அரை டிகிரியும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லிவரும் 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துப் பிழைத்தது. 1877-78-இல் பசிபிக்கில் மிகப் பெரிய எல் நினோ இருந்தது என்று பின்னாளில் தெரியவந்தது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்று கண்டுபிடிக்க இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பில் 1904 முதல் 1924 வரை இருந்தவர் கில்பர்ட் வாக்கர். கணிப்பொறி இல்லாத காலம். உலகமெங்கும் இருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை இந்திய எழுத்தர்களை வைத்துக் கையால் ஒப்பிட்டார். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். அதற்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். 1969-இல் வானிலை அறிஞர் ஜேக்கப் பியெர்க்னஸ் அந்த அலைவையும் பசிபிக் கடலின் சூட்டையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டி, மேலே நான் விவரித்த காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே வைத்தார்.

இந்த நாட்டின் அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, இந்த நாட்டுப் பஞ்சத்தைத் தடுப்பதற்காகக் கண்டுபிடித்த தொடர்பு இது. நூறு வருடம் கழித்து இந்த நாட்டின் இன்னோர் அரசு அலுவலகம் அப்படித் தொடர்பே இல்லை என்று எழுதுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

எல் நினோ என்றால் உங்கள் கோப்புகளில் மழை என்று மட்டும் பதிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் காரணம் உண்டு. எல் நினோ வருடத்தில் வட இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவமழை குறையலாம். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை கூடுவதே வழக்கம். அதனால் நம் மாநிலத்தில் எல் நினோ என்றால் ஏரி நிறையுமா, வெள்ளம் வருமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தை பிறந்து மழை நின்றதும் கோப்பும் மூடப்படுகிறது. எங்களுக்கு அப்போதுதான் அது தொடங்குகிறது.

2023-24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எல் நினோ வந்துவிட்டது என்று அமெரிக்கக் கடல்வளி ஆய்வு நிறுவனமான நோவா 2023 ஜூன் 8 அன்று அறிவித்தது. நம் பத்திரிகைகளிலும் அது வந்தது. அக்டோபர் இறுதியிலிருந்தே லட்சத்தீவுக் கடலில் கடல் வெப்ப அலை நீடித்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த வெள்ளத்தில் நீங்கள் இரவு பகல் பார்க்காமல் உழைத்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அதே மாதத்தில்தான் எல் நினோவும் உச்சத்தில் இருந்தது. அடுத்து நம் கடலுக்கு என்ன வரும் என்று அப்போதே சொல்லியிருக்க முடியும். 2024 ஏப்ரல் 15 அன்று உலகம் முழுவதும் நான்காவது முறையாகப் பவளம் வெளுத்துக்கொண்டிருக்கிறது என்று நோவா அறிவித்தது. மே மாதம் லட்சத்தீவில் கடும் வெளுப்பு என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. எங்கள் பார்களும் அதே கோடையில் வெளுத்தன. முதல் அறிவிப்புக்கும் எங்கள் கடல் சுட்டதற்கும் இடையே பத்து மாதம் இருந்தது. பத்து மாதத்தில் எங்கள் ஊர் இறங்குதளத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் இதைப் பற்றி ஒரு வரி எழுதப்படவில்லை.

தகவல் இல்லாமல் போகவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல்சார் தகவல் மையம் செயற்கைக்கோள் கணக்கை வைத்துப் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. மன்னார் வளைகுடா அதில் இருக்கிறது. நோவா நான்கு மாதத்துக்கு முன்னோக்கிப் பார்த்து, எந்தக் கடலில் வெளுப்பு வர வாய்ப்பு என்று வரைபடம் போடுகிறது. மீன் எங்கே கிடைக்கும் என்று இன்காய்ஸ் சொல்லும் தகவல் எங்களுக்கு வந்து சேர்கிறது. அதை நம்பி டீசல் செலவழித்து ஓடுகிறோம். புயல் என்றால் கூண்டு ஏற்றுகிறீர்கள், சொன்ன சொல்லைத் தட்டாமல் படகைக் கரையேற்றுகிறோம். கடல் சூட்டைப் பற்றிய தகவல் மட்டும் ஐதராபாத்திலிருந்து இந்தக் கரைக்கு வரும் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம் உங்கள் பொறுப்பு.

எல்லா வெளுப்புக்கும் எல் நினோவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையே சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது என்று மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகமே 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு அதே காலத்தில் 0.7 டிகிரிதான். அடித்தளமே உயர்ந்துவிட்டதால், முன்பு தாங்கிய எல் நினோவைக்கூட இனி இந்தக் கடல் தாங்காது. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை, கழிவுநீர், தூர்வாரும் வண்டல் இவையெல்லாமும் பவளத்தைப் பலவீனப்படுத்துகின்றன. எல் நினோக்களும் ஒன்றுபோல் இன்னொன்று இருப்பதில்லை. மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறிச் சூடாகும், இந்தியப் பெருங்கடலுக்கே சொந்தமான இருமுனை அலைவு என்ற ஏற்ற இறக்கம் வேறு இருக்கிறது. 1999-இல் அதை விளக்கி எழுதிய நால்வரில் மூவர் இந்திய விஞ்ஞானிகள். எல் நினோவைத் தூண்டிவிடுவதில் வட பசிபிக்கின் குளிர்காலக் காற்றுக்கும் பங்கு உண்டு என்றும் காட்டியிருக்கிறார்கள். அதாவது, ஹவாய்த் தீவுகளுக்கு அருகே ஒரு தை மாதத்தில் காற்று தளர்ந்தால், அதன் விளைவு சுற்றிவந்து எங்கள் கரையைத் தொட ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். இத்தனை சிக்கல் இருப்பதால்தான் எங்களால் தனியாக இதைக் கணிக்க முடியாது. நட்சத்திரம், நீரோட்டத்தின் திசை, மேகத்தின் போக்கு இவற்றை வைத்து எங்கள் பெரியவர்கள் நாளைக்கு என்ன காற்று என்று சொல்வார்கள். நாலு மாதம் கழித்து வரும் சூட்டைச் சொல்ல அவர்களிடம் வழியில்லை. உங்களிடம் இருக்கிறது.

தெரிந்து மட்டும் என்ன செய்துவிடுவீர்கள், கடலைக் குளிர வைக்கவா முடியும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். காய்ச்சல் கண்ட பவளம் எல்லாமே சாவதில்லை. சூடு சீக்கிரம் இறங்கினால் உள்ளே இருந்த பாசி மறுபடி குடியேறும், நிறம் திரும்பும். மான்கொம்பு வகை சீக்கிரம் சாகும், பாறைபோல் உருண்டு திரண்ட வகை பெரும்பாலும் தப்பிக்கும். தப்பிப்பதும் சாவதும் அந்தச் சில வாரங்களில் அதன்மேல் வேறு என்னென்ன சுமை விழுகிறது என்பதைப் பொறுத்தது. கலங்கிய தண்ணீர், பார் மேல் விழும் நங்கூரம், கரையோரம் வரும் இழுவைமடி, சாக்கடை, இவையெல்லாம் மனிதன் நிறுத்தக்கூடிய சுமைகள். எந்த வாரங்களில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அது பவளத்துக்கு நல்லதுதான். ஆனால் சூடு ஏறுவது பங்குனியிலேயே. தடை தொடங்கும் முன்பு கிடைத்தவரை பார்த்துவிடலாம் என்று சில விசைப்படகுகள் நாட்டுப்படகுகளுக்கு உரிய கரையோர எல்லைக்குள் நுழையும் காலமும் அதுதான். தடைக்காலத்தில் கரையோரம் தொழில் செய்கிறவர்கள் நாட்டுப்படகுக்காரர்களும் பாசி எடுக்கும் பெண்களும். பார்களுக்கு மிக அருகே இருப்பவர்கள் நாங்கள். முதலில் பார்ப்பதும் நாங்கள், முதலில் இழப்பதும் நாங்கள். பவளத்தின் பெயரால் எங்களுக்கு எல்லை வகுத்த அரசு, அந்தப் பவளத்துக்கு ஆபத்து வரும்போது முதல் செய்தியை எங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எல் நினோ 2 முதல் 7 வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. அடுத்தது வருவதற்குள் நாங்கள் கேட்பவை இவை.

தொடர்பில்லை என்ற பதிலைத் திரும்பப் பெற்று, எங்கள் மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்து, எழுத்தில் பதில் தாருங்கள். எல் நினோ அறிவிக்கப்பட்ட வருடத்தில் தை முதல் வாரத்திலும், பிறகு ஆனி வரை மாதாமாதமும், வரும் வாரங்களில் நம் கடலின் சூடு எப்படி இருக்கும் என்ற குறிப்பைத் தமிழில் வெளியிடுங்கள். இறங்குதளப் பலகைகளில் எழுதுங்கள். பாம்பனில் இருந்து ஒலிக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலியில் சொல்லுங்கள். பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் படகு உரிமையாளர் சங்கத்துக்குப் போகும் தகவல் அவர்களிடம் வந்து சேர்வதில்லை.

எச்சரிக்கை வந்த வருடத்தில் பங்குனி முதல் வைகாசி வரை பார்களுக்கு அருகே தூர்வாரும் வேலை எதற்கும் அனுமதி தராதீர்கள். அந்தக் கரையோர எல்லைக்குள் இழுவைமடி வராமல் பங்குனியிலேயே ரோந்தைக் கூட்டுங்கள். சுற்றுலாப் படகுகள் பார் மேல் நங்கூரம் போடாதபடி கட்டுப்போயா, அதாவது படகைக் கட்டும் மிதவை, அமையுங்கள். உடைந்த பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் பணியை அந்த மாதங்களில் தள்ளிவையுங்கள். பெரும் செலவில் நட்டது மொத்தமும் ஒரு கோடையில் போவதைக் காண எங்களுக்கும் மனம் பொறுக்கவில்லை.

வெளுப்பைக் கண்காணிக்க வருகிற ஆராய்ச்சியாளர்களோடு, சங்கு குளிக்கிறவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் போதும், தினமும் காலையில் தண்ணீரின் சூட்டை நாங்களே எழுதித் தருகிறோம். செயற்கைக்கோள் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. இரண்டு பாகம் அடியில் என்ன நடக்கிறது என்று எங்கள் கணக்கையும் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, கடல் வெப்ப அலையைப் பேரிடராகக் கணக்கில் எடுங்கள். புயலில் படகு உடைந்தால் நிவாரணம் உண்டு. சூட்டில் பாசி மிதவை முழுவதும் அழுகிப் போன குடும்பத்துக்கும், பார் செத்ததால் வெறும் வலையோடு திரும்பும் குடும்பத்துக்கும் நிவாரணப் பட்டியலில் இடமே இல்லை. அந்தப் பட்டியலில் இதைச் சேர்க்க மாவட்ட அளவில் பரிந்துரை அனுப்புங்கள். பாசி வளர்ப்புக் கடனுக்கு எச்சரிக்கை வந்த வருடத்தில் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளோடு பேசுங்கள். இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்பதை அடுத்த மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையின் நாட்டுப்படகு மீனவன் ஒருவன், ஊரார் சார்பில்